மண்மேடும் மழைத்தண்ணீரும்

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழும் தண்ணீர் 10 லட்சம் லிட்டர். காட்டு மண்ணாக இருந்தால் சருகும் வேரும் மண்புழுத் துளையுமாகச் சேர்ந்து அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டி, டோசர் ஓடி இறுகிப்போன மண்மேடாக இருந்தால் பாதிக்கு மேல் அப்படியே கீழே ஓடிவரும். வரும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். சுரங்க நில மீட்பு என்ற பெயரில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த ஓட்டத்தை அடக்குவதுதான். மரக்கன்று நடுவது அதன் கடைசிப் படி. படம் எடுக்க அழகாக இருப்பதாலோ என்னவோ, அதுவே முதல் படி போலப் பேசப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் அளவைக் கண்ணால் பார்க்க நெய்வேலிக்குப் போக வேண்டும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1957-ல் மண் தோண்ட ஆரம்பித்தார்கள். கரியின் முகத்தைப் பார்த்தது 1961-ல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அள்ளியது வெறும் மண். இன்றும் ஒரு டன் கரி எடுக்க ஏறத்தாழ 5 முதல் 6 கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. பக்கெட் வீல் இயந்திரம் சுரண்டும் மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து, ஸ்ப்ரெடர் வழியாக மறுபக்கம் கொட்டப்படுகிறது. தொடக்கத்தில் கொட்டுவதற்குக் காலிக் குழி கிடையாது. எனவே சுரங்கத்துக்கு வெளியே மலைபோல் குவித்தார்கள். கரி எடுத்த குழி உருவான பிறகு அதற்குள்ளேயே பின்நிரப்பல் நடக்கிறது. வெளியே நிற்கும் மேடானாலும் குழிக்குள் நிரப்பிய நிலமானாலும், கொட்டிய மண் கொட்டிய மண்தான். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீர் பரவனாற்றில் சேர்ந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் போகிறது. மேட்டில் பிடித்து நிறுத்தாத மண் கடைசியில் ஏரியின் வயிற்றில்தான் போய்ப் படியும்.

இயற்கையான மண்ணைவிடச் சுரங்க மண் ஏன் இவ்வளவு சுலபமாகக் கரைகிறது? முதல் காரணம், அது தலைகீழாகக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான மேல்மண் அடியில் போய்விட, சூரியனையே பார்த்திராத களியும் மணற்கல் தூளும் மேலே வந்துவிடுகின்றன. அதில் மட்கு இல்லை, வேர் இல்லை, மண் துகள்களை ஒட்டிவைக்கும் பூஞ்சையும் நுண்ணுயிரும் இல்லை. அடுத்தது மழைத்துளி. பெரிய துளி ஒன்று தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மூடாத மண்ணில் ஒவ்வொரு துளியும் ஒரு சிறிய குண்டு. அது மண்கட்டியை உடைக்கிறது; உடைந்த தூள் மண்ணின் கண்களை அடைத்து மேலே ஒரு மெழுகுப் பரப்பு உண்டாக்குகிறது; அதற்குமேல் விழும் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை.

பிறகு நடப்பது எல்லா மேட்டிலும் ஒன்றுபோல்தான். முதலில் படலமாக ஓடுகிறது. மண் போவது கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் கீழே வந்ததும் விரல் அகலக் கோடுகளாகத் திரள்கிறது. இரண்டு கோடுகள் கூடினால் ஓர் ஓடை. அடுத்த பருவமழைக்குள் அந்த ஓடையில் ஆள் இறங்கி நிற்கலாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றுப் பொறியியலின் பழைய விதி. ஆகையால் தண்ணீரைக் கூடவிடாமல், ஓடவிடாமல் செய்வதே எல்லா உத்திகளுக்கும் மூலம்.

சரிவின் கணக்கு

மண் இழப்பைக் கணக்கிட உலகம் முழுவதும் பயன்படும் சமன்பாட்டை அமெரிக்காவின் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965-ல் வெளியிட்டார்கள். மழையின் தாக்கம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே உள்ள மூடாக்கு, செய்திருக்கும் தடுப்பு வேலை ஆகியவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று கிடைக்கும். விவசாய நிலத்துக்காக எழுதப்பட்டிருந்தாலும் சரிவைப் பற்றி அது சொல்வது சுரங்க மேட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. சரிவின் நீளம் இரண்டு மடங்கானால் ஹெக்டேருக்கான இழப்பு சுமார் 1.4 மடங்காகும். செங்குத்து 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானால் இழப்பு ஏறக்குறைய 3 மடங்கு. மழையை மாற்ற முடியாது, மண்ணையும் சீக்கிரத்தில் மாற்ற முடியாது. கையில் இருப்பது சரிவு, மூடாக்கு, தடுப்பு மூன்றும்தான்.

இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் 30 மீட்டருக்கு மேல் உயரும் மண்மேட்டைப் படிக்கட்டாக வெட்டச் சொல்கின்றன. எந்தப் படியும் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. மேட்டின் சரிவு எந்த நிலையிலும் 37.5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இவை மேடு சரிந்து ஆளை மூடிவிடாமல் இருப்பதற்கான விதிகள். சுற்றுச்சூழல் அனுமதி ஆணைகளில் ஒட்டுமொத்தச் சரிவு 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதப்படுகிறது. 28 டிகிரி என்பது 50 சதவீதத்துக்கும் மேலான செங்குத்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடு சரியாமல் நிற்க அது போதலாம். மண் அரிக்காமல் இருக்கப் போதாது.

படிக்கட்டு வெட்டுவதன் பயன், நீளமான ஒரே சரிவைத் துண்டு துண்டாக்குவது. ஒவ்வொரு படியின் தளமும் வெளிப்பக்கம் சாயாமல் மேட்டின் உட்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணீர் படியின் உள்மூலையில் தேங்கி, அங்கிருக்கும் வடிகால் வழியாகப் பக்கவாட்டில் மெதுவாக நகரும். படியின் வெளி ஓரத்தில் ஒரு வரப்பு. பார்க்கச் சுலபமாகத் தெரியும் இந்த வேலையில்தான் பெரும்பாலான மேடுகள் தோற்கின்றன. புதிதாகக் கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. ஒரு படியில் 2 மீட்டர் நீளத்துக்கு வரப்பு தாழ்ந்துவிட்டால் அந்தப் படி முழுவதிலும் தேங்கிய தண்ணீர் அந்த ஒரு வாயில் கூடி இறங்கும், அடுத்த படியை உடைக்கும், பிறகு அதற்கடுத்ததை. படியே வெட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு பெரிய ஓடை விழுந்திருக்காது.

இதனால்தான் படிக்கட்டையே கைவிட்டு, அக்கம்பக்கத்து இயற்கைக் குன்றுகளின் உருவத்தைப் பார்த்து மேட்டை வடிவமைக்கும் முறை கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வந்திருக்கிறது. எந்தக் குன்றை எடுத்துக்கொண்டாலும் தலை உருண்டு, அடி வரவரச் சப்பென்று குழிந்து படுத்திருக்கும். தண்ணீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் சரிவு குறைவு. அதனால் வேகமும் குறைவு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லா பிளாட்டா நிலக்கரிச் சுரங்கத்தை இப்படித்தான் சிறு சிறு முகடுகளும் வளைந்து ஓடும் வாய்க்கால்களுமாக மீட்டார்கள். வறண்ட நாட்டில், கல் பாவிய வடிகால் இல்லாமலே அந்த நிலம் நிற்கிறது. ஆனால் இதற்கு நிறைய இடம் வேண்டும். குறுகிய இடத்தில் உயர உயரக் குவிக்கும் நாடுகளுக்கு அது கைக்கு எட்டாத முறை.

டோசரின் தடம்

சரிவைச் சீராக்கும் டோசர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். உழவர்களுக்குத் தெரிந்தது, சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பது. சங்கிலிச் சக்கர டோசர் விஷயத்தில் இது தலைகீழ். அது சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டும். சக்கரத்தின் இரும்புப் பட்டைகள் மண்ணில் பதிக்கும் தடங்கள் அப்போதுதான் சரிவுக்குக் குறுக்கே விழும். ஒவ்வொரு தடமும் ஒரு சாண் நீளச் சின்னப் படி; அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், காற்றில் வரும் விதை தங்கும். டோசர் பக்கவாட்டில் ஓடினால் அதே தடங்கள் சரிவோடு நேர்கோடுகளாக இறங்கும். முதல் மழையே அவற்றை வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும்.

இறுக்கத்தைப் பற்றி இன்னொரு பாடம் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளிலிருந்து கிடைத்தது. அங்கே 1977-ல் வந்த மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்துக்குப் பிறகு, மண் சரியக்கூடாது என்ற பயத்தில் மீட்ட நிலங்களை வழவழப்பாகவும் இறுக்கமாகவும் தட்டிவைத்தார்கள். மேடு நின்றது; புல்லும் முளைத்தது. மரம் மட்டும் வளரவில்லை. வேர் இறங்க இடமில்லாத மண்ணில் தண்ணீரும் இறங்கவில்லை; ஓட்டம்தான் கூடியது. 2004-ல் தொடங்கிய ஒரு காடு வளர்ப்புக் கூட்டுமுயற்சி இதை மாற்றி, மேலே ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு மண்ணை இறுக்காமல் கொட்டி, கரடுமுரடாகவே விடச் சொன்னது. பார்வைக்கு அரைகுறை வேலை போல இருக்கும் அந்த நிலம்தான் தண்ணீரைக் குடிக்கிறது. உள்ளே இறுக்கம், மேலே தளர்ச்சி என்ற இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதில்தான் மேஸ்திரியின் கைத்திறன் இருக்கிறது. ஏற்கெனவே இறுகிவிட்ட தளத்தை உளிக்கலப்பையால் குறுக்கே கீறிவிடலாம்.

தண்ணீருக்கு வழி

வெளித் தண்ணீரை மேட்டுக்குள் விடக்கூடாது என்பது அடுத்த விதி. மேட்டுக்கு மேற்புறத்திலிருந்து வரும் தெளிந்த மழைத்தண்ணீரை அங்கேயே மடக்கி, கலங்கிய தண்ணீரோடு சேராமல் தனி வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும். தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமம் சாட்சி. அங்கே சுரங்கக் கழிவு மேடு ஒன்று நீரூற்றின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று, பல நாள் மழைக்குப் பின் அது குழம்பாகிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

மேட்டின் அடியைச் சுற்றி வரும் வடிகாலைச் சுரங்கத்தார் 'கார்லண்ட் டிரெயின்' என்கிறார்கள். மாலைபோல் சுற்றிக் கிடப்பதால் அந்தப் பெயர். மாலைக்கும் மேட்டுக்கும் இடையில் அடிமண் நழுவாமல் கல் சுவர் அல்லது கம்பிவலைக்குள் கல் அடுக்கிய கேபியன் சுவர் எழுப்புவார்கள். படிகளில் சேர்ந்த தண்ணீரை உயரத்திலிருந்து கீழே இறக்கும் வழி கல் பாவியதாகவோ, கான்கிரீட் படிகளாகவோ இருக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் புல்லை நம்ப முடியாது. ஏற்கெனவே விழுந்துவிட்ட ஓடைகளில் சிறு தடுப்பணைகளை ஏணிப்படிபோல் அடுக்குவார்கள். கீழ் அணையின் தலை, மேல் அணையின் அடிமட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பது கணக்கு. அப்படி அமைத்தால் இரண்டுக்கும் நடுவில் வண்டல் நிரம்பி ஓடையே படிக்கட்டாகிவிடும்.

இவ்வளவையும் தாண்டி வரும் கலங்கல் தண்ணீருக்கு வண்டல் குட்டை. கார்லண்ட் டிரெயினையும் குட்டையையும் அந்தப் பகுதியின் உச்ச மழைக்கு மேல் 50 சதவீதம் கூடுதல் இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்று நம்முடைய அனுமதி ஆணைகள் சொல்கின்றன. அமெரிக்க விதி, பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணிநேர மழையை அளவுகோலாக வைக்கிறது. 20 ஹெக்டேர் மேடு, ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை, அதில் 60 சதவீதம் ஓட்டம் என்று வைத்தால் குட்டை 12,000 கன மீட்டர் கொள்ள வேண்டும். படியும் வண்டலுக்கு அதற்கு மேலும் இடம் வேண்டும். குட்டைக்கரையும் அணைக்கரைதான் என்பதை மறந்ததன் விலை பெரியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26 அன்று பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவு நீரைத் தேக்கிய கரை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 1977 சட்டத்துக்குப் பின்னால் இருந்த கோபத்தில் அந்தச் சம்பவத்துக்கும் பங்குண்டு.

குட்டையால் முடியாத வேலை ஒன்று உண்டு. அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் குறுமணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 2 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு 3 மணிநேரம். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு ஏறத்தாழ 13 நாள்! பருவமழைக் காலத்தில் எந்தக் குட்டையும் தண்ணீரை 13 நாள் அசையாமல் வைத்திருக்காது. ஆகவே வெளியே போகும் தண்ணீர் செம்மண் நிறத்திலேயே போகும். குடத்துக் கலங்கலைத் தெளிவிக்கப் படிகாரத்தைச் சுழற்றுவதுபோலச் சுரங்கக் குட்டைகளிலும் படிகாரமோ, துகள்களைத் திரட்டும் வேறு ரசாயனமோ சேர்க்கிறார்கள். அது செலவு, ஆண்டுதோறும் செலவு. மலிவான வழி, களிமண்ணை மேட்டிலேயே தங்கவைப்பதுதான்.

புல் முதலில், மரம் பிறகு

அதற்கு மண்ணை மூட வேண்டும். சுரங்கம் தோண்டும் முன்பே மேல்மண்ணைத் தனியே வழித்து எடுத்து, தாழ்வான குவியலாக வைத்து, சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பயறுவகைச் செடிகளை விதைத்து உயிரோடு காப்பாற்றியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பல ஆண்டு உயரக் குவித்து வைத்த மேல்மண் நடுவில் காற்றில்லாமல் செத்துப்போகும். பரப்பிய மேல்மண்ணின் மீது வைக்கோல் மூடாக்கு. செங்குத்தான சரிவில் சணல் வலை அல்லது தென்னைநார் வலை. தென்னைநாரில் லிக்னின் அதிகம்; அதனால் சணலைவிடப் பல பருவங்கள் தாங்கும். புல் வேர்விட்டு நிற்கும்வரை வலை தாங்கினால் போதும், பிறகு மட்கிப் போவதே நல்லது.

வலைக் கண்களுக்குள் கொழுக்கட்டைப் புல், அருகு, முயல் மசால், கொழுஞ்சி. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 3 மீட்டர் வரை இறங்கும். மேலே தூர்கள் நெருங்கி உயிர்வேலியாகி வண்டலை வடிகட்டும். கடலூர் மாவட்டக் கடலோர மணலில் உழவர்கள் வெட்டிவேரை வேருக்காகவே பயிர் செய்கிறார்கள் என்பதால் நெய்வேலிக்கு நாற்று தூரத்தில் இல்லை. சரிவில் நட்டதை மட்டும் தோண்டக்கூடாது.

மரம் மட்டும் நட்டு அடியில் புல் இல்லாமல் விட்டால் நிலைமை சில சமயம் மோசமாகும். உயரமான மரத்தின் இலையில் மழை திரண்டு, பெருந்துளியாகச் சொட்டும். தரையில் சருகோ புல்லோ இல்லையென்றால் அந்தத் துளி மண்ணை நேரே குத்தும். தைலமரத் தோப்புகளின் அடியில் வேர் தெரிய மண் கழுவிக் கிடப்பதைக் கண்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

சஹஸ்ரதாரா

இந்த உத்திகளெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் அளந்து எழுதிய கணக்கு டேராடூன் பக்கம் இருக்கிறது. டூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் மலையை வெள்ளையாக உரித்துப் போட்டிருந்தன. அங்கே பலவற்றை மூடச் சொல்லி 1985-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சற்று முன்பே, சஹஸ்ரதாராவில் கைவிடப்பட்ட 64 ஹெக்டேர் சுரங்க நீர்ப்பிடிப்பை மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஊட்டியில் மையம் வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். ஓடைகளில் கேபியன் தடுப்பணைகள், சரிவுகளில் சணல் வலை, உள்ளூர்ப் புல்லும் புதரும் மரமும். வேலி போட்டு மாடு மேயாமல் காத்தார்கள்.

தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 550 டன் கல்லும் மண்ணும் வெளியேறிக்கொண்டிருந்தது. சுமார் பத்தாண்டில் அது 8 டன்னாக இறங்கியது. பருவமழையில் ஓட்டமாகப் போன பங்கு 57 சதவீதத்திலிருந்து 37 ஆனது. 10 சதவீதமாக இருந்த தாவரப் போர்வை 80 சதவீதமானது. இவற்றைவிட முக்கியமாகச் சொல்லவேண்டியது, மழை நின்ற பிறகு ஓடையில் தண்ணீர் ஓடிய நாட்கள். முன்பு 60 நாளில் வற்றிய ஓடை 240 நாள் ஓடியது. மண்ணை நிறுத்தப் போனவர்களுக்குத் தண்ணீரும் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இந்த நிதானம் இருப்பதில்லை. காரணம் பணம், பணத்தைவிடக் காலக்கெடு. அமெரிக்கச் சட்டப்படி கடைசி விதைப்பிலிருந்து 5 ஆண்டு, ஆண்டு மழை 26 அங்குலத்துக்குள் உள்ள வறண்ட பகுதியில் 10 ஆண்டு, சுரங்க நிறுவனமே அந்த நிலத்துக்குப் பொறுப்பு. அதுவரை பிணைத்தொகை முழுதாகத் திரும்பாது. இந்தியாவில் நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009-ல் வந்த மூடல் வழிகாட்டு நெறிகள், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் வீதம் தனிக் கணக்கில் கட்டிவைக்கச் சொல்லின. பின்னர் அந்தத் தொகை உயர்த்தப்பட்டது. சுரங்கம் வெட்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகையின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உத்தரவில் மரத்துக்கு முன் புல் வந்தது நல்ல அறிகுறி.

பராமரிப்புக்குத் தனி விஞ்ஞானம் எதுவும் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் குட்டைகளைத் தூர்வார வேண்டும். வடிகாலில் விழுந்த கல்லை எடுக்க வேண்டும். தாழ்ந்த வரப்பை உயர்த்த வேண்டும். முதல் பெருமழை விட்ட மறுநாள் காலையில் ஒருவர் மேட்டைச் சுற்றி நடந்து வந்து, விரல் அகலத்தில் இருக்கும்போதே கோடுகளை மூடிவிட வேண்டும். அந்த நாளில் ஒரு மண்வெட்டியில் முடியும் வேலை, அடுத்த ஆண்டு பொக்லைன் கேட்கும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் வருகிறது. மேட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரின் கலங்கல் அளவும் அதே பக்கத்தில், மாதவாரியாக வர வேண்டும். நிலம் மீண்டதா என்று பார்க்க ஊர்க்காரர்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கார்த்திகை மழையில், மேட்டின் அடிவார மதகில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் பிடித்து, அசைக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு, அது தெளிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தால் போதும்.